உங்களுக்குத் தெரியுமா? டென்ஷனுக்கு ஒரு தம்

தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறைக்கு ஏறும் வழியில் எந்தச் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் ஒரு வசனம் காதில் விழும்: "ஒரே டென்ஷன் மக்கா, ஒரு தம் போட்டாத்தான் சரியாவும்." ரப்பர் பால்வெட்டு முடித்து வருகிறவர் சொல்வார். நாகர்கோவிலிலிருந்து காளிகேசத்துக்கு பைக்கில் கூட்டாளிகளோடு வந்த கல்லூரிப் பையனும் சொல்வான். நுரையீரலுக்குக் கெடுதல் என்று இருவருக்கும் தெரியும். மனசுக்கு மருந்து என்று இருவரும் நம்புகிறார்கள். இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்த நம்பிக்கையைச் சுற்றித்தான்.

● ஒரு இழுப்பு இழுத்தால் நிக்கோட்டின் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையைத் தொட 10 முதல் 20 விநாடி போதும். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த வேகம்தான் அதன் பலம். மெதுவாக ஏறுகிற எந்தப் பொருளும் இவ்வளவு சீக்கிரம் ஆளைப் பிடிப்பதில்லை.

● நிக்கோட்டின் வந்து ஒட்டிக்கொள்வதற்கென்று மூளையில் ஏற்பிகள் இருக்கின்றன. 2006-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்தர் பிராடி என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒன்றிரண்டு இழுப்பிலேயே ஏற்பிகளில் பாதி நிரம்பியது; மூன்று மணி நேரத்துக்கு அப்படியே இருந்தது. முழுச் சிகரெட் என்றால் 88 சதவீதத்துக்கும் மேல். "சும்மா ரெண்டு இழுப்புதாம்ல" என்று பங்கு கேட்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

● புகைத்த சில நிமிடங்களில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை கூடும். அட்ரினலின் சுரக்கும். ரத்த அழுத்தம் ஏறும். பதற்றப்படுகிறவருக்கு உடம்பில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் நடக்கும். வாய் மட்டும் "அப்பாடா" என்று சொல்லும்.

● அப்படியானால் அந்த "அப்பாடா" எங்கிருந்து வருகிறது? ரத்தத்தில் ஏறிய நிக்கோட்டினில் பாதி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. பழகிய மூளை அடுத்த தவணையைக் கேட்கத் தொடங்குகிறது: எரிச்சல், படபடப்பு, கவனம் நிற்காமை, காரணமில்லாத கோபம். நாம் இதைத்தான் டென்ஷன் என்கிறோம். அடுத்த சிகரெட் இந்தப் படபடப்பை அடக்குகிறது. முந்தைய சிகரெட் உண்டாக்கிய படபடப்பு அது. கடிக்கிற செருப்பைக் கழற்றும்போது கிடைக்கிற சுகத்துக்காக அதையே திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வதுபோலத்தான். புகைக்காத பையன் நாள் முழுக்க எந்த நிலையில் இருக்கிறானோ, அந்த நிலைக்கு வருவதற்குத்தான் புகைக்கிற பையன் காசு கொடுக்கிறான். பிரிட்டிஷ் உளவியலாளர் ஆண்டி பாரட் 1999-இலேயே இதை ஒரு கேள்வியாக எழுப்பினார்: சிகரெட் மன அழுத்தத்தைக் குறைக்கிறதா, உண்டாக்குகிறதா? உண்டாக்குகிறது என்பது அவர் முடிவு.

● விட்டவர்களைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை ஒன்று வந்தது. புகையை விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றும் தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்திருந்தன. அந்த அளவு, மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்குச் சமம் அல்லது அதற்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இதே பலன்தான். 2021-இல் காக்ரேன் அமைப்பு 102 ஆய்வுகளை வைத்துத் திரும்பவும் பார்த்தது. முடிவு மாறவில்லை. இதற்காக மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அது வேறு கதை, கீழே வருகிறது.

● மன அழுத்த ஆராய்ச்சியின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் ஹான்ஸ் செலியே, புகையிலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியவர். 1969-இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் போய், அழுத்தத்தைச் சமாளிக்கப் புகைப்பது சிலருக்கு உதவும் என்று வாதாடினார். பிற்காலத்தில் வழக்குகளின் மூலம் வெளியே வந்த கம்பெனி ஆவணங்களை மார்க் பெட்டிக்ரூவும் கெல்லி லீயும் கிளறி, இந்தக் கொடுக்கல்வாங்கலை 2011-இல் எழுதினார்கள். சாயாக்கடை பெஞ்சில் நாம் கேட்கும் வசனத்துக்கு எழுத்தாளர்களும் உண்டு, தயாரிப்பாளர்களும் உண்டு.

● ஆனால் டென்ஷன் என்பதே பொய் என்று யாரும் சொல்ல வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. மரம் இலை உதிர்க்கும் மாதங்களிலும் வெட்டு நிற்கும். வெட்டினால்தான் கூலி என்ற கணக்கில் இருப்பவருக்கு மேகத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கும். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து ரப்பர் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கவலை நிஜம். சிகரெட் அதைத் தொடுவதே இல்லை.

● ரப்பர் மரத்தில் விடிவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறாத நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பதே காரணம். அதனால் தோட்டக்காடுகளில் நடுச்சாமம் கழிந்ததுமே எழுந்துவிடுகிறார்கள். நிக்கோட்டின் ஒரு தூண்டுபொருள். தூக்கம் வருவதைத் தள்ளிப்போடும். நள்ளிரவில் அதன் அளவு இறங்கும்போது தூக்கத்தைக் கலைக்கவும் செய்யும். தூக்கம் கெட்டால் மனம் கெடும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஏற்கெனவே குறைத் தூக்கத்தில் வாழ்கிற ஊரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடும் அந்தக் கடைசித் தம் மிக விலை கூடியது.

● நாட்டில் 13 முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடம் 2019-இல் எடுத்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைத் தொடுகிறார்கள். தொடங்கிய வயதின் இடைநிலைக் கணக்கு சிகரெட்டுக்கு 11.5. பீடிக்கு 10.5. வாயில் அதக்குவதற்கு 9.9. அதாவது ஐந்தாம் வகுப்பு.

● 2009-10-க்கும் 2016-17-க்கும் இடையே இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்களின் விகிதம் 34.6-லிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அதே காலத்தில் 16.2-லிருந்து 20 சதவீதமாகக் கூடியது. நாடே இறங்கும்போது ஏறியவர்கள் நாம். இதற்கு யாரும் போஸ்டர் ஒட்டியதாகத் தெரியவில்லை.

● மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. கடைசியில் முதிர்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை: "வேண்டாம், யோசி" என்று சொல்லும் பகுதி. நிக்கோட்டின் அந்த வேலை முடிவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கவனம், கற்றல், மனநிலை, உந்துதலை அடக்குதல் ஆகிய நான்கையும் அது பாதிக்கும் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2016 அறிக்கை சொல்கிறது. 40 வயதில் தொடங்குகிறவருக்கும் 14 வயதில் தொடங்குகிறவருக்கும் ஒரே சிகரெட்தான். மூளைதான் ஒன்றல்ல.

● "தினமும் வலிச்சாத்தானே அடிமை? நான் எப்பவாவதுதான்." மாசசூசெட்ஸ் மருத்துவர் ஜோசப் டிஃப்ரான்சா, 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் எழுதினார்: சிலருக்கு அடிமைத்தனத்தின் முதல் அறிகுறி சில வாரங்களில், சிலருக்குச் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. தினமும் புகைக்கத் தொடங்குவதற்கு முன்பே. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகக் குழு 2018-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில்களை வைத்துப் போட்ட கணக்கு: ஒரு முறை ருசி பார்த்தவர்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர், கொஞ்ச காலத்துக்காவது, தினமும் புகைப்பவர்களாக மாறினார்கள்.

● பள்ளி மதிற்சுவருக்குப் பக்கத்தில் புகையே வராத புகையிலை ஒன்றும் நடமாடுகிறது. கூல் லிப் என்று பெயர். சின்னப் பொட்டலம், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டால் வகுப்பில் ஆசிரியருக்கே தெரியாது. குட்கா வழக்குகளில் ஜாமீன் மனுக்களை விசாரித்துக்கொண்டிருந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி டி.பரத சக்கரவர்த்தி, மாணவர்கள் இதற்கு அடிமையாகிக் கிடப்பதைக் கண்டு, இதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவுப் பொருள் என்று ஏன் அறிவிக்கக் கூடாது என 2024 செப்டம்பரில் கேட்டார். தமிழ்நாட்டில் தடை, பக்கத்து மாநிலங்களில் எல்லாவற்றிலும் தடை கிடையாது. பேருந்து ஏறி வருவதற்குத் தடை ஏது?

● குட்கா தடைக்கே ஒரு நெடுங்கதை உண்டு. 2001-இல் தமிழ்நாடு தடை போட்டது. 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மறுபடி தடை. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நிறுத்திவைத்தது. பெட்டிக்கடைக்காரர் இந்த வரலாறு எதையும் படித்ததில்லை. சரக்கு நின்றதாகவும் அவர் சொல்லக் கேட்டதில்லை.

● நாஞ்சில் நாட்டுக்குப் புகையிலை அரசாங்க விவகாரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது அல்லவா? யாழ்ப்பாணத்தில் விளைந்த புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர்தான். அதன் விற்பனை அரசின் ஏகபோகம். கஜானாவுக்கு நல்ல வரும்படி. திவான் டி.மாதவ ராவ் காலத்தில், 1860-களில்தான் அந்த ஏகபோகம் நீங்கியது. முறுக்கான் செல்லத்துக்குள் இருந்த ஒரு துண்டுப் புகையிலைக்குக் கடல் கடந்த அரசியல் இருந்திருக்கிறது.

● பழனி முருகனுக்குப் புகையிலையைத் தூது அனுப்புவதாகத் தமிழில் ஒரு சிற்றிலக்கியமே உண்டு: சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது'. பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். எவ்வளவு செல்லம் கொடுத்திருந்தால் அன்னத்தையும் கிளியையும் விட்டுவிட்டு இதை அனுப்பியிருப்பார்கள்!

● "பீடி இலைதானே, சிகரெட்டைவிடத் தேவலை" என்பது தோட்டக்காட்டில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். பீடி சுற்றும் தெந்து இலையில் காற்று புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் புகையிலை கொஞ்சம் என்றாலும், இழுக்கிறவர் உடம்பில் சேரும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைவதில்லை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் அதைச் சுற்றும் பெண்கள் பீடி வலிப்பதில்லை. ஆனால் வருஷக் கணக்காகப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள்.

● வேப் என்ற மின்சிகரெட்டைத் தமிழ்நாடு 2018-இலேயே தடைசெய்துவிட்டது. ஒன்றிய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் முழுச் சட்டமும் கொண்டுவந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவை ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டுவரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம். வாங்கிக் குடோனில் வைத்திருந்தாலும் ஆறு மாதம் உள்ளே போகலாம். இவ்வளவு கடுமையான சட்டம் இருக்கும்போதே பென் டிரைவ் போலவும் ஹைலைட்டர் பேனா போலவும் அது புத்தகப் பைக்குள் இருக்கிறது. மாம்பழ வாசனை வரும் பேனாவைக் கண்டால் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

● வேப்பிலிருந்து வருவது நீராவி இல்லை. ப்ரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிக்கோட்டின் எல்லாம் சூடேறி வரும் நுண்துளிப் படலம் அது. சூடு கூடினால் ஃபார்மால்டிஹைடு உருவாகும். உள்ளே சிவக்கும் கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், ஈயத் துகள்கள் கலக்கும். புதிய ரக வேப்புகளில் நிக்கோட்டினை உப்பாக மாற்றிச் சேர்க்கிறார்கள். தொண்டை கரகரக்காது, இருமல் வராது. முதல் பீடி இழுத்ததும் இருமி இருமிக் கண்ணில் நீர் வந்து "இது நமக்கு ஆகாது" என்று விட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. வேப் அந்த இருமலையும் பறித்துவிட்டது.

● இன்றைய மின்சிகரெட்டை 2003-இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்ற சீன மருந்தாளுநர். கடும் புகைப்பழக்கம் உள்ளவர்; அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். சிகரெட்டை விடுவதற்கு ஒரு வழி தேடித்தான் இதைச் செய்தார். நாற்பது வருஷம் பீடி வலித்த தாத்தாவுக்கு அது உதவுமா என்பது வேறு விவாதம். ஒரு தடவைகூடப் புகைக்காத எட்டாம் வகுப்புப் பையன் கையில் அது எதற்கு?

● அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேப் பயன்படுத்தியவர்கள் 2017-இல் 11.7 சதவீதம். இரண்டே வருஷத்தில், 2019-இல், 27.5. கட்டுப்பாடுகளும் வழக்குகளும் வந்தபின் 2024-இல் 7.8. பரவிய வேகத்தில் இறங்கவும் செய்யும் என்பதற்கு இது சாட்சி. நடுவில் 2019-20-இல் வேப்பால் வந்த நுரையீரல் நோயில் 2,807 பேர் மருத்துவமனை போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம்.

● வேப் பிடிக்கும் இளைஞர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாகக் காணப்படுகின்றன. அப்படியென்றால் வேப்தான் மனச்சோர்வைக் கொண்டுவருகிறதா? அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை வேப்பை நாடுவதும் நடக்கிறது. நாடியபின் சோர்வு கூடுவதும் நடக்கிறது. இரண்டு பக்கமும் ஓடும் பாதை. அதனால் பையில் வேப் அகப்பட்ட பையனிடம் "எங்க வாங்குன?" என்பது இரண்டாவது கேள்வியாக இருக்கட்டும். "தூங்குதியா, சாப்பிடுதியா, என்ன பிரச்சினை மக்களே?" என்பது முதலில் வரலாம். அடித்து வாங்கிப் போட்டால் பொருள்தான் போகும்.

● குமரி மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர் போகிற பிள்ளைகளுக்கு: அங்கே 2018 முதலே வேப் தடை. 2025-இல் இன்னும் மோசமான ஒன்று அகப்பட்டது. கேபாட் என்ற வேப். உள்ளே எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து, அறுவைச் சிகிச்சை அறையில் இருக்க வேண்டியது. இழுத்த பையன்கள் நிற்கமுடியாமல் தள்ளாடி விழும் வீடியோக்கள் பரவின. 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட்டைப் போதைமருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதி பறிபோகலாம், நாடு கடத்தவும் படலாம். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் அடைவதற்கு முன்னால் திரும்பி வந்து நிற்க வேண்டியதுதான்.

● மாலத்தீவில் 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த யாருக்கும் இனி எந்த வயதிலும் புகையிலை விற்கக் கூடாது. 2025 நவம்பர் 1 முதல் சட்டம். சுற்றுலா வருபவருக்கும் பொருந்தும். வேப் எல்லா வயதினருக்கும் தடை. இலங்கையில் 2006 சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. நம்மிடம் 18, அதோடு பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கஜம். எந்தக் கடையில் வயதுச் சான்று கேட்டார்கள் என்று வாசகர்களே சொல்லட்டும்.

● பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று இந்தியாவில் முதலில் சொன்ன உயர் நீதிமன்றம் நமக்குப் பக்கத்தில்தான்: கேரள உயர் நீதிமன்றம், 1999 ஜூலை. நாடு முழுவதற்குமான இன்றைய விதிகள் 2008 அக்டோபர் 2-இல் அமலுக்கு வந்தன. அபராதம் 200 ரூபாய். அன்றைக்கு அது ஒரு தொகை.

● 2018-இல் 'சர்கார்' படத்தின் முதல் போஸ்டரில் விஜய் சிகரெட்டோடு இருந்தார். பொதுச் சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது. போஸ்டர் இணையத்திலிருந்து நீங்கியது. தியேட்டரில் புகையிலை எச்சரிக்கையான முகேஷ் விளம்பரம் ஓடிய காலத்தில் குழந்தைகள்கூட வசனத்தைச் சேர்ந்து சொன்னார்கள். 2016 முதல் பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம். எல்லாம் வாய், தொண்டை, புற்று, சாவு. மனசைப் பற்றி ஒரு வரி கிடையாது. பதினாறு வயதுப் பையனுக்கு ஐம்பதில் வரப்போகும் புற்று ஒரு கட்டுக்கதை. நாளைக்குப் பரீட்சை ஹாலில் கை நடுங்கும் என்று சொன்னால் அவன் கேட்கக்கூடும். நம் பிரச்சாரத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம்.

● சிகரெட்டை விட்ட முதல் வாரத்தில் சாயாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும், தெரியுமா? புகையில் இருக்கும் தார் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. அது காஃபினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைத்துத் தள்ளும். புகை நின்றதும் நொதி அடங்கும். அதே நாலு சாயாவில் உடம்பில் தங்கும் காஃபின் இரட்டிப்பாகும். படபடப்பு, தூக்கமின்மை. "சிகரெட்டை விட்டதும் பைத்தியம் பிடிக்குது" என்று திரும்பிப் போகிற பலரைத் துரத்தியதில் சாயாவுக்கும் பங்கு உண்டு.

● இதே நொதிதான் மனநோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின், ஒலான்சபின் மாத்திரைகளையும் கரைக்கிறது. புகைப்பவர் உடம்பில் மருந்து சீக்கிரம் கரைவதால், பலன் தெரிய மருத்துவர் அளவைக் கூட்டி எழுதியிருப்பார். அந்த ஆள் திடீரென்று புகையை விட்டாலோ, புகைக்க விடாத வார்டில் படுத்தாலோ, சில நாட்களில் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்: அளவு மீறிய மயக்கம், தள்ளாட்டம், க்ளோசபின் என்றால் வலிப்புகூட. நிக்கோட்டினுக்கு இதில் பங்கில்லை, தாருக்குத்தான். ஆகவே சிகரெட்டை விட்டு நிக்கோட்டின் சுவிங்கத்துக்கோ வேப்புக்கோ மாறினாலும் இது நடக்கும். விட வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறெங்கோ சிகிச்சை எடுப்பவர், விடப்போகும் தேதியை முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவை அவர் குறைத்துக்கொள்வார்.

● மூளையில் இன்சுலா என்று ஒரு பகுதி. பக்கவாதத்தில் அது பழுதான சிலர், எந்த முயற்சியும் இல்லாமல் சிகரெட்டை விட்டுவிட்டார்கள். புகைக்கும் ஆசையே மறந்துபோயிற்று. நசீர் நக்வி குழு 2007-இல் சயன்ஸ் இதழில் எழுதியது.

● விட்டபின் வரும் தவிப்பு சில மணி நேரத்தில் தொடங்கும். முதல் மூன்று நாள் உச்சம். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். புகைக்கப் புகைக்க மூளையில் கூடிப்போன நிக்கோட்டின் ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகிறது. மூன்றாம் நாள் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுபவரைப் பார்த்து "இதுக்கு நீ வலிச்சிட்டே இருந்திருக்கலாம்" என்று சொல்லும் வீட்டார்தான் நம் ஊரில் புகையிலைக் கம்பெனிக்குச் சம்பளமில்லாத முகவர்கள்.

● நிக்கோட்டின் சுவிங்கம் 2 மி.கி. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் பயனில்லை, விக்கல்தான் வரும். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். சாயா குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் வாய்ச் சவ்வு நிக்கோட்டினைச் சரியாக உறிஞ்சாது. 18 வயதுக்குக் குறைந்தவர் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

● சிகரெட் முனையில் இருக்கும் ஃபில்டர் பஞ்சு இல்லை. செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். காளிகேசம் ஆற்றில் சுண்டி எறிந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும், நிக்கோட்டினைத் தண்ணீரில் கசியவிட்டுக்கொண்டே. ரப்பர் இலை உதிர்ந்து சருகு மெத்தையாகக் கிடக்கும் மாதங்களில் அணையாத துண்டு என்ன செய்யும் என்பதைக் கீரிப்பாறைக்காரர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

● புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-112-356. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் தென்னிந்திய மொழிகளுக்குப் பதில் சொல்கிறது. மனசு சரியில்லை என்றால் 14416; டெலி மானஸ், 2022 அக்டோபர் 10 முதல், 24 மணி நேரமும், தமிழிலும். முதல் எண்ணை 2018 செப்டம்பர் முதல் ஒவ்வொரு சிகரெட் பாக்கெட்டிலும் அச்சடிக்கிறார்கள். நம் பையன்கள் பாக்கெட் வாங்குவதில்லை, ஒற்றைச் சிகரெட்தான். எண் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது.